கடைசிப் பதினாறு பக்கம்

ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. நூல் இறுகி முடிச்சு விழுந்தது. இடது கட்டைவிரல் மடிப்பை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை அடுத்த ஃபாரத்தை எடுத்து வைத்தது. பதினாறு பக்கம் வருகிற மாதிரி மடித்த தாளுக்கு பைண்டிங்கில் ஃபாரம் என்று பெயர். பதினொரு ஃபாரம் சேர்ந்தால் ஒரு துப்பறியும் நாவல்.

வாடகை நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைக்கும் அக்கா, தைக்கும்போதே படித்துவிடுவாள். அதனால் நர்ஸம்மாவுக்குப் புத்தகம் எடுத்துத் தருவது பத்து வருடமாக அவள் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. அவசரப் பிரிவில் நாளெல்லாம் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வரும் நர்ஸம்மாவுக்குப் படித்தால்தான் தூக்கம் வரும். அதற்கு அக்காவிடம் கறாரான விதிகள் இருந்தன. கொலை நடக்கலாம், கத்தியைக் காட்டக் கூடாது. குழந்தை தொலையக் கூடாது. நாய் சாகவே கூடாது. அத்தியாயம் முடியும் இடத்தில் கதவைத் தட்டலாம், உடைக்கக் கூடாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் முதலாளியின் புது மருமகள் கவுன்ட்டரில் வந்து உட்கார்ந்தாள். நர்ஸம்மாவுக்கு ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அந்தப் பொண்ணு குடுத்தத எடுத்தேன், ஏழு பக்கம் தாண்டல. அப்படியொரு தூக்கம்!"

"ஏழு பக்கத்துல தூங்க வெச்சா அது கதையா, மாத்திரையா?"

நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

இன்று தைப்பதும் மருமகள் எடுத்து வைத்ததுதான். "சாயங்காலம் நர்ஸம்மாவுக்கு வேணும்க்கா" என்று காலையில் கொடுத்துவிட்டுப் போனாள். கதையில் ஒரு தங்கும் விடுதி. தினமும் ஒரு ஸ்பூன் காணாமல் போகிறது. குறை கண்டுபிடிக்கத்தான் அக்கா படித்தாள். பத்தாவது ஃபாரம் வரை ஒன்றும் சிக்கவில்லை. நாலு வருடம் முன்பு அட்டை மாற்ற இதே புத்தகம் தன் கைக்கு வந்ததும், தான் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் அனுப்பியதும் நினைவுக்கு வந்தபோது வயிறு எரிந்தது.

பதினோராவது ஃபாரத்தை மேஜை விரிப்புக்கு அடியில் தள்ளினாள். பத்தை மட்டும் தைத்து, பசை பூசி, அட்டை போட்டாள்.

மூன்றாம் நாள் நர்ஸம்மா வாசலிலேயே கத்தினாள்: "ஸ்பூன எடுத்தது யாரு? சமையல்காரனா, மாடி ரூம் வாத்தியாரா? ரெண்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல. நேத்து ஒருத்தருக்குப் போட வேண்டிய ஊசிய இன்னொருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போயிட்டேன். நல்ல வேளை, இது எனக்கான்னு அவரே கேட்டாரு."

மருமகள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து வெளிறிப்போனாள். "கடைசிப் பக்கங்களே இல்ல. நான் பாத்துக் குடுத்திருக்கணும்மா. இனிமே அக்காகிட்டயே கேட்டு வாங்கிக்குங்க."

மூன்று வாரமாக அக்கா கேட்க ஏங்கியது அதைத்தான். ஆனால் காதில் நர்ஸம்மா சொன்ன ஊசிதான் நின்றது. விரிப்பைத் தூக்கி ஃபாரத்தை வெளியே எடுத்தாள்.

"இது எப்படி அங்க போச்சு?" என்றாள் நர்ஸம்மா.

"நடந்தா போகும்? நான்தான் வெச்சேன்."

"ஏன்க்கா?"

"அவ எடுத்துக் குடுத்தது நல்லா இருந்துச்சு."

அக்கா அட்டையைப் பிரித்து, முதுகில் இறுகியிருந்த பசையைச் சுரண்டி, பதினொன்றையும் முதலிலிருந்து தைத்தாள். ஒரு மணி நேரம் ஆனது. நர்ஸம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தாள். மருமகள் அலமாரியில் அடுத்த புத்தகம் தேடிக்கொண்டிருந்தாள். அவள் எதை எடுக்கிறாள் என்று அக்கா எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை.

"பசை ஈரமா இருக்கு. படுக்கற வரைக்கும் பிரிக்காதீங்க" என்று சொல்லி, புத்தகத்தை இரண்டு கையாலும் நர்ஸம்மாவிடம் நீட்டினாள்.