ஒரு சொல்லுக்குப் பதினோரு வருடம்

எங்கள் அகராதி அலுவலகத்தில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘நைஸ் சார்’. ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள் இருக்க, இந்த ‘நைஸ்’ ஒன்றையே பதினோரு வருடமாகக் கட்டிக்கொண்டு அழுதார். லத்தீனில் ‘அறியாதவன்’ என்று பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘முட்டாள்’ ஆகி, பிறகு வீண் நாசூக்கு, நுணுக்கம், துல்லியம் என்று ஆள் மாறி, கடைசியில் ‘நல்ல’ என்று வந்து நின்ற கதையைச் சாப்பிடும்போதுகூட விடமாட்டார். ஒவ்வோர் அர்த்தத்துக்கும் ஒரு கட்டு அட்டை. பேசாமல் அந்தச் சொல்லுக்கே தாலி கட்டியிருக்கலாம் என்பாராம் மனைவி. அதையும் அவரே சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

துணை ஆசிரியர் நாற்காலி காலியானது. அவர், இல்லாவிட்டால் நான்.

எங்களிடம் ஒரு முறை உண்டு. பழைய புத்தகத்தில் ஒரு வரியைக் கண்டவர் அதை அட்டையில் எழுதித் தருவார். இன்னொருவர் புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்து, ‘பார்த்தேன்’ என்று கையெழுத்திட வேண்டும். எழுதியவருக்குக் கை தவறலாம், அதற்கு மன்னிப்பு உண்டு. பார்க்காமலே ‘பார்த்தேன்’ என்றவருக்குக் கிடையாது.

‘நல்ல’ என்ற அர்த்தம் அவர் கண்டுபிடித்ததைவிட ஐம்பது வருடம் முன்பே வழங்கியதாக ஒரு வரியை நானே இட்டுக்கட்டினேன். நூலகத்திலிருந்த ஒரு தடித்த பயணநூலின் பெயரும் பக்க எண்ணும் போட்டு அட்டையை அவரிடம் கொடுத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் பார்த்தால் போதாதா என்று சொல்லி, நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

பக்க எண்ணில் எனக்கே சந்தேகம் என்று தலைமை ஆசிரியர் காதில் போட்டுவைத்தேன். மறுநாள் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் அந்தப் பக்கத்தைத் திறந்து நைஸ் சாரிடம் நீட்டினார். அந்த வரி அதில் இல்லை.

“நீங்க இதைப் பார்த்தீங்களா, இல்லையா?”

“பார்க்கலை சார்.”

எனக்கு நாற்காலி கிடைத்தது. அவருக்குக் கிடங்கில் பழைய அட்டைகளைத் தூசி தட்டும் வேலை.

ஒரு வாரம் கழித்து என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டையெல்லாம் தூசி.

“என்னால உங்க பேரும் அடிபட்டிருக்கும்” என்றார். “எண் எழுதறப்ப கை தவறியிருக்கும், அவ்வளவுதான். அந்த வரி புத்தகத்துல எங்கயோ இருக்கு. பதவியெல்லாம் எனக்கு வேண்டாம். வேலை முடிஞ்சப்புறம் முதல் பக்கத்துலேர்ந்து நானே தேடறேன். இந்தச் சொல்லை மட்டும் என்கிட்ட விட்டுடுங்க.”

அறுநூறு பக்கம். ஒரு வரி விடாமல் தேடுவார். அதுதான் எனக்குப் பயம்.

“அதை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு” என்றேன்.

கொடுக்கவில்லை. அவர் படியிறங்கிப் போன பிறகுதான் ஓர் ஆளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். பயணநூலை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அவருடைய பதினோரு வருட அட்டைகளையும் இனி உதவாது என்று எழுதிக் கிடங்குக்கு அனுப்பினேன். அவற்றையும் இப்போது அவர்தான் தூசி தட்டுகிறார்.