அழுகண்ணி முளைத்த பை

போடிமெட்டுக்கு மேலே, எங்கள் ஏலத்தோட்டத்தை ஒட்டி, வனத்துறை காக்கும் சதுப்பு ஒன்று இருக்கிறது. கால் வைத்தால் மெத்தையாய் அமுங்கும். பாசியும் கோரையும் மட்கி மட்கிக் கறுத்த மண். ஒரு கைப்பிடிகூட எடுக்கக் கூடாது. நான் மாசியில் ஆறு சாக்கு அள்ளிவந்து நாற்றுப் பைகளில் நிரப்பினேன். பேராசைதான், வேறென்ன.

அந்தச் சதுப்புக்குக் காவல் என் தங்கை புருஷன். நிரந்தரமில்லாத வேலை.

ஆனியில் சாரல் பிடித்தது. ஒருநாள் காலை, ஏல நாற்றுக்குப் பக்கத்தில் ஒரு பையில் சின்னத் தண்டு நின்றது. இலையெல்லாம் பிசுபிசுத்த துளிகள். ஒன்றில் கொசு ஒட்டித் துடித்தது. பூச்சி தின்னும் அழுகண்ணி. எங்கள் பக்கத்தில் அந்தச் சதுப்பை விட்டால் வேறெங்கும் அது முளைத்து நான் பார்த்ததில்லை. பிடுங்கக் குனிந்தபோது தோட்ட வாசலில் மாப்பிள்ளையின் பைக் சத்தம் கேட்டது.

பையை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"வாங்க மாப்ளே, டீ குடிங்க."

பிளாஸ்கிலிருந்து ஊற்றி நீட்டிய டம்ளரை வாங்கினார், குடிக்கவில்லை.

"மண்ணு அள்ளுன குழிய ஆபீசரு பாத்துட்டாரு மச்சான். நான்தான் வித்துட்டேங்கிறாரு. சாயங்காலத்துக்குள்ள ஆளக் காட்டலன்னா நாளைக்கு வேலைக்கு வர வேணாமாம்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் பையைக் காலால் இன்னும் பின்னுக்குத் தள்ளினேன். சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் தங்கை வீட்டில் அடுப்பு எரியாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் யோசித்தேன். "எவன் செஞ்சானோ" என்றுகூடச் சொல்லிவிட்டேன். வெட்கங்கெட்டவன்.

அவர் என் காலுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு டம்ளரைத் தரையில் வைத்தார்.

"நான்தான் மாப்ளே" என்றேன்.

"தெரியும் மச்சான். குழியோரம் உங்க பேரெழுத்துப் போட்ட சாக்கு கெடந்துச்சு. அன்னைக்கே எரிச்சுட்டேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு நாலு மாசமாப் பாத்துக்கிட்டிருக்கேன்."

பைகளை ஜீப்பில் ஏற்றி, அவரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மண் சதுப்புக்கே திரும்பியது. அவர் வேலை தப்பியது. தங்கை முன்போலவே வந்து போகிறாள். மாப்பிள்ளையும் வருவார், வாசலில் நின்று நல்லபடியாகத்தான் பேசுவார். ஆனால் இன்றுவரை என் வீட்டில் கை நனைத்ததில்லை.