ஏழாம் கூண்டின் மஞ்சள் கரு

செம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, தினமும் எட்டு மணிக்கெல்லாம் எங்கள் ஆய்வகத்தின் எலிக்கூடத்தைத் திறப்பவர் செல்வமேரி அக்கா. கான்ட்ராக்ட் வேலை. பேராசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் வரவேண்டாம். கையுறை போட்ட என்னைக் கடிக்கும் எலிகள் அவர் கைக்குள் தூங்கும். எனக்குப் பொறாமைதான், ஒளிப்பானேன்.

என் ஆராய்ச்சி இதுதான்: தீவனத்தில் கோலின் என்ற சத்து இல்லாவிட்டால் எலிக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கூடுகிறதா? நான்கு கூண்டுக்கு முழுத் தீவனம், நான்கு கூண்டுக்குக் கோலின் இல்லாத தீவனம். மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், கோலின் இல்லாத மூன்று கூண்டுகளில் ஹார்மோன் ஏறியிருந்தது. மீதியிருந்த ஏழாம் நம்பர் கூண்டில் மட்டும் ஏறவே இல்லை.

நான் ரத்தம் எடுத்ததில்தான் கோளாறு என்று பேராசிரியர் சத்யநாராயணன் சார் கத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூண்டு கழுவிக்கொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சார், மேடத்த திட்டாதீங்க. நான்தான். டாக்டரு என்னிய முட்டையில வெள்ளை மட்டும் துன்னச் சொன்னாரு. மஞ்சள தூக்கிப்போட மனசு வரல. அந்த ஏழாம் நம்பருங்க சுருண்டுகினு கெடந்துச்சுங்க, பாவமா இருந்துச்சு. டெய்லி போட்டுட்டேன்."

மஞ்சள் கருவில்தானே கோலின் கொட்டிக் கிடக்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பாருங்கள், அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வேலை போகும் என்று தெரிந்தேதான் வந்து நின்றார். என்னால் அப்படி நின்றிருக்க முடியாது.

சார் நோட்டை நீட்டி, "எழுதிக் குடுங்க" என்றார்.

அக்கா உட்கார்ந்து நிதானமாக எழுதினார்: 'ஏழாம் கூண்டு. மஞ்சள் கரு. காணும் பொங்கலுக்கு மறுநாளிலிருந்து. ஞாயிறு மட்டும் இல்லை. கொடுத்தது நான். செல்வமேரி.'

சார் இரண்டு முறை படித்தார். "முதல்லேருந்து மறுபடி செய்யணும், ஜீவிதா. எலிங்கள இவங்களே பாக்கட்டும். தன் தப்ப நாள் சொல்லி எழுதுறவங்கள நம்பலாம்."

அக்கா எழுதிய அந்த நோட்டுப் பக்கம் என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அப்படியே இருக்கிறது. அக்கா இப்போது கேட்டுக்கு வெளியே மரத்தடியில்தான் டிபன் பாக்ஸைத் திறக்கிறார். மஞ்சள் கரு எனக்கு.

"துன்னுங்க மேடம். நீங்களும் சுருண்டுகினுதான் கெடக்கறீங்க."