ஆளில்லாத மேசை

நான் இருக்கும் ஜெர்மன் சிற்றூரில் ஜாம் பாட்டில்கள் தம்மைத் தாமே விற்றுக்கொள்கின்றன. ஒரு வீட்டு வாசலில் மேசை. மேசைமேல் பாட்டில்கள், விலை எழுதிய அட்டை, பக்கத்தில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. ஆள் கிடையாது. வருகிறவர் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு, காசை டப்பாவில் போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார். முதன்முதலில் பார்த்தபோது, அடக் கடவுளே, அந்த டப்பாவையே எவனாவது தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நம்ம ஊர்ப் புத்தி, கோபிக்காதீர்கள்.

மேசைக்குச் சொந்தக்காரி ஹெல்கா, என் பக்கத்து வீட்டுக்காரி. நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் முன்பு சமையல் வேலை பார்த்தவள். ஒருநாள் காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு பாட்டிலை எடுத்தேன். மேசையில் எல்லாப் பாட்டில்களும் அப்படியே இருந்தன. அப்படியென்றால் நான்தான் முதல் போணி. போணிக் காசைத் தகர டப்பாவில் போடுவதா? மனசு ஒப்பவில்லை. மணியை அடித்து ஹெல்காவை எழுப்பி, காசைக் கையில் வைத்தேன். போணிக்கு ஜெர்மனில் என்ன சொல்வது? "முதல் காசு, உங்கள் கை, நல்லது" என்று எதையோ உளறினேன். அவள் "டீ டோசே, டீ டோசே" என்று டப்பாவைக் காட்டினாள். நான் நகரவில்லை. கையில் காசில்லாமல் தவிக்கிறேன் என்று அவளாக முடிவு செய்து, என் காசையும் திருப்பித் திணித்து, இன்னொரு பாட்டிலையும் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டாள். அவமானமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

பிறகு பழகியதும் கேட்டேன், நீயே ஏன் வெளியில் நின்று விற்பதில்லை என்று. வாரச் சந்தையில் கடை போடலாமா என்று பார்ப்பதற்காகத்தான் இந்த மேசையை முதலில் வைத்தாளாம். "நான் நின்றால் தெரிந்தவர்கள் எல்லோரும் வாங்குவார்கள். ஜாம் நன்றாக இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

மந்தாரக்குப்பத்தில் எங்களுக்கு வாடகை வீடு. என் கணவர் ஞானவேல் கம்மாபுரம் பக்கத்துக்காரர். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மண் ஏற்றிப்போகும் பெல்ட்டிலிருந்து சிந்துவதை வாரி மறுபடி மேலே போடும் கேங்கில் இருந்தார். என்றைக்காவது பர்மனென்ட் ஆகும் என்று நம்பிக்கொண்டே இருந்தவர், ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து, குளிக்கப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவை உடைத்துத்தான் தூக்கினோம். மாரடைப்பு என்றார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் நர்சிங் முடித்திருந்தேன். கூடப் படித்தவள் ஜெர்மனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் தினமும் நச்சரித்தாள். எனக்குப் போக மனமில்லை. அவர் சட்டை கொடியில் தொங்குகிற வீட்டைவிட்டு எங்கே போவது? அவருக்குப் பிடித்த முருங்கைக்கீரை அடையைச் சுட்டு விற்றுப் பிழைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடுவதில்லை என்ற வைராக்கியமும் இருந்தது. கடை வேண்டாம், போர்டு வேண்டாம், பாத்திரம் ஒன்றுகூடப் புதிதாக வாங்க வேண்டாம். வீட்டுக் கல்லிலேயே சுட்டு, ஹாட்பாக்ஸில் அடுக்கி, நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் பஸ்ஸுக்கு நிற்குமிடத்தில் ஒரு வாரம் நிற்பது. என்னைத் தெரியாதவர்கள் தேடிவந்து இரண்டாம் முறையும் கேட்டால் கடை. கேட்காவிட்டால் ஜெர்மனி. இதுதான் என் கணக்கு.

முதல் நாளே பஸ் வருவதற்குள் ஹாட்பாக்ஸ் காலி. மறுநாளும் அப்படியே. அவர் கேங்கில் இருந்த முருகையன்தான் முதல் ஆளாக நிற்பான். ஞானவேலை அண்ணன் என்று கூப்பிட்டவன், என்னை அண்ணி என்பான். அவனைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு ஹெல்மெட்டும் முகத்தில் கட்டிய துண்டுமாகத்தான் தெரிந்தது. கூட்டத்தைப் பார்த்து மதிமயங்கி, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க மறந்துவிட்டேன். ஒருவர், நிச்சயமாக வெளியாள், தாமதமாக வந்து, "இன்னிக்கும் தீந்துடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து ஞானவேலின் போட்டோவுக்கு முன்னால் நின்று, "பாத்துக்கினீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

வாரக் கடைசியில் குள்ளஞ்சாவடி முக்கூட்டில் ஒரு சின்னக் கடையைப் பேசி முடித்தேன். அட்வான்ஸுக்கு அவர் வண்டியை விற்பதென்று முடிவு. ஆள் பார்க்கச் சொல்லி முருகையனைக் கூப்பிட்டனுப்பினேன். அவன் வந்து வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டே நின்றான்.

"வண்டிய விக்காதீங்க அண்ணி."

"விக்காம? கடைக்கு அட்வான்ஸ் வானத்துல இருந்தா வரும்?"

"கடையே வேணாங்க. நாங்கதான் வாங்கிக்கினு இருந்தோம். தெனம் முற வச்சிக்கினு வாங்கினோம். பக்கத்து கேங்குலயும் சொல்லி வச்சிருந்தேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தக் கேங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் காய்ச்சல் என்று வேலைக்கு வந்த இடத்தில் படுத்துவிட்டால் அவன் பங்கு மண்ணை மற்றவர்கள் பிரித்து வாரிவிடுவார்கள், மேஸ்திரி கண்ணில் படாதபடி. ஞானவேலும் எத்தனையோ பேருக்கு வாரியிருக்கிறார், ராத்திரி முதுகுவலியென்று என்னைத்தான் தைலம் தேய்க்கச் சொல்வார்.

"அண்ணன் பங்க நாங்க வாரிக்கினோம்னு நெனச்சிக்கங்க அண்ணி."

"தின்னீங்களா?"

"சில பேரு தின்னாங்க. சில பேரு வூட்டுக்கு எடுத்துக்கினு போனாங்க." சீட்டிலிருந்து கையை எடுத்தான். "எனக்கு தொண்டையில எறங்கலைங்க. ஓரம் முறுகலா இருந்தா அண்ணன் எனக்குத்தான் பிச்சிக் குடுப்பாரு."

"என் வாயில மண்ணப் போட்டுட்டீங்களேடா! வேற ஒருத்தனும் பசிச்சி வாங்க வுடலயேடா!" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. அவன் தலையைக் குனிந்தபடி போய்விட்டான். அன்பென்று தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அவனை வெறுத்தேன். தாமதமாக வந்த அந்த வெளியாள் நிஜமாகவே தேடி வந்தாரா, வாங்கினால் மறுநாளும் வருவாரா? தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் செய்துவிட்டார்கள். மறுநாள் மாவு அரைத்தேன். கல்லில் ஊற்றக் கை வரவில்லை. செத்த மனிதரை எழுப்பி இன்னும் ஷிப்டுக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது. ஜெர்மனிக்கான காகிதங்களில் கையெழுத்துப் போட்டேன். வண்டியை விற்காமல் முருகையன் வீட்டிலேயே விட்டுவந்தேன்.

ஓடிவந்த இடத்திலும் பழுப்பு நிலக்கரிதான். என் தலையெழுத்தைப் பாருங்கள், இந்த ஊருக்கு அப்பால் ஒரு சுரங்கம் இருக்கிறது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் பெல்ட் ஓடும் சத்தம் அடுக்களை வரைக்கும் வரும். அப்போதெல்லாம் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்புகிறேன். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஒருவர் முதுகு காட்டி நின்றார். கிட்டே போய்விட்டேன். அவர் திரும்பி, என்ன வேண்டும் என்பதுபோல் "பிட்டே?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லவும் எனக்கு ஜெர்மன் வார்த்தை வரவில்லை.

போன மாதம் ஹெல்காவிடம் பாதி மேசை கேட்டேன். முருங்கைக்கீரைக்கு எங்கே போவது, ஸ்பினாட் என்கிற இந்த ஊர்க் கீரையை அரிந்து போட்டு அடை சுட்டேன். காகிதத்தில் சுற்றி அடுக்கினேன். பருப்பில் செய்த பான்கேக் என்று அட்டையில் எழுதினேன். என் பெயரை எழுதவில்லை. டப்பாவை வைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டேன். நாள் முழுக்க நிலைகொள்ளவில்லை. ஒரு தாத்தாவுக்கு மாத்திரை கொடுக்கும்போது நான் கடிகாரத்தையே பார்ப்பதைக் கண்டு, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வந்து பார்த்தேன். டப்பா கனத்தது. ஒரே ஒரு அடை மிச்சம். ஹெல்கா ஜன்னலைத் திறந்து, ஒரு பெண்மணி மத்தியானம் வாங்கித் தின்றுவிட்டு மறுபடியும் வந்தாள் என்று கத்தினாள். எனக்கு அழுகை பீறிட்டது. சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. என்னைத் தெரியாத ஒருத்தி, பசித்தவள், இரண்டாம் முறை வந்திருக்கிறாள். இவ்வளவு நாள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் வாங்கினவர்களில் ஒருவருக்கும் ஞானவேல் என்று ஒருவர் இருந்தார் என்பதே தெரியாது.

மிச்சமிருந்ததைப் பிரித்துப் பார்த்தேன். ஓரம் முறுகலாக இருந்தது. எனக்குப் பசியே இல்லை. பையிலிருந்து காசை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, அடையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். இந்த ஊரில் முறை வைத்து வாங்க, என்னைவிட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?