கறியை விட்டவன், கண்ணை விடவில்லை

போன வாரம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஜெபராஜைப் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீசில் மேனேஜர். சர்ச் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவன். கடலைமிட்டாயை நீட்டினேன். வேண்டாமென்று கையை ஆட்டினான்.

"லெந்து நாள்லா... ஈஸ்டர் வரைக்கும் நாப்பது நாளு இனிப்பு, கறி, காப்பி எல்லாம் விட்டாச்சுலே."

எனக்கு லேசாக வெட்கம். நான் விட்டது டிவி சீரியல் மட்டும்தான். அதுவும் பாதி!

திடீரென்று குரலைத் தாழ்த்தினான். "ஒங்கிட்டதான் சொல்லுதேன். எனக்காக ஜெபம் பண்ணுலே."

விஷயம் இதுதான். சர்ச் கன்வென்ஷன் கூட்டத்தில் அறிமுகமான ஒரு பெண். தினமும் விடிந்ததும் அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வசனப் படம் அனுப்புகிறான் — ரோஜாப்பூ, சூரிய உதயம், நடுவில் வேதவசனம். "ஆமென் பிரதர்" என்று பதில் வரும்வரை இவனுக்கு வேலை ஓடாது. அவள் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறான்.

"வீட்டுல மெர்சி என்ன கேட்டாலும் கடுப்பா வருது. இப்பிடியே போனா குடும்பம் என்னாகும்னு பயமா இருக்குலே."

மெர்சி அவன் மனைவி. சிரிப்பதா, அழுவதா? நாக்குக்கு உபவாசம், கண்ணுக்கு மட்டும் தினமும் சர்ச் பந்தி போல அசன விருந்து!

ஆசை பாவமா? இல்லை என்றே நம்புகிறேன். ஆணையும் பெண்ணையும் படைத்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று மகிழ்ந்தவர் கடவுள். ஆனால் இச்சை வேறு. அதற்கு ஆள்கூட வேண்டாம், படம் போதும். அந்தப் பெண்ணுக்கு இவன் வெறும் பிரதர். இவனோ அவளைக் கேட்காமலே மனதுக்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறான். தப்பு பார்வையிலேயே தொடங்கிவிடுகிறது என்று இயேசு சொன்னது இதைத்தானே? அவனிடமும் அதையே சொன்னேன்.

"அப்போ வசனத்துல உள்ளபடி கண்ணைப் பிடுங்கிப் போடவா?" கோபமாகத்தான் கேட்டான்.

"வேண்டாம்லே, இருக்கட்டும். அந்தப் படம் அனுப்புததை நிறுத்து. மெர்சிக்கு என்னைக்காவது ஒரு வசனம் அனுப்பியிருக்கியா?"

எட்டயபுரம் பஸ் வந்தது. ஏறிவிட்டான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைத் தேடி வந்தான். அந்தப் பெண்ணின் நம்பரை அன்று பஸ்ஸிலேயே அழித்துவிட்டானாம். மறுநாள் காலை ஹாலில் உட்கார்ந்தபடியே மெர்சிக்கு ஒரு வசனப் படம் அனுப்பினானாம். அடுப்படியிலிருந்து அவள் கரண்டியும் கையுமாக வந்து நின்றாளாம்.

"இது எதுக்கு? சொல்ல வேண்டியதை எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்தேன்லே... கண்ணுக்குக் கீழ அவ்வளவு கருப்பு. எப்ப வந்துச்சுன்னே எனக்குத் தெரியல." கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடினான். "எல்லாத்தையும் சொல்லிட்டேன். அழுதா. இன்னும் சரியாப் பேசல."

பேசுவாள் என்று நினைக்கிறேன். அவசரமில்லை.

ஈஸ்டர் வந்ததும் ஜெபராஜ் கறி சாப்பிடட்டும், காப்பி குடிக்கட்டும்... மெர்சியின் முகத்தைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாமல் இருந்தால் சரி!