பெருமை அன்னாரையே சாரும்

உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறிய தபாலதிபருக்கு ஊரில் இரண்டு வேலைகள் தாமாகவே வந்து சேரும். ஒன்று, மற்றவர்களுடைய படிவங்களை நிரப்பிக் கொடுப்பது. மற்றது, செத்தவர்களுக்குக் கல்வெட்டு எழுதுவது. எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுப் போகும்போது கையில் கொடுத்துவிடும் நினைவுப் புத்தகம் அது. முகப்பில் படம், பிறகு தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் வம்சாவளி. அந்த வாழ்க்கை வரலாற்றை எழுதுவது நான். கீழே என் பெயர் இருக்காது, 'குடும்பத்தினர்' என்றுதான் இருக்கும். நானும் கேட்டதில்லை.

இதுவரை முப்பது பேருக்காவது எழுதியிருப்பேன். வடிவாக, அழகாக எழுதுவேன் என்று ஊரில் ஒரு பெயர். அந்த முப்பது பேரில் ஒருவர்கூடக் கோபக்காரர் இல்லை. ஒருவரும் குடித்ததில்லை. பக்கத்து வளவுக்குள் வேலியை ஓரடி தள்ளி அடைத்தவர் ஒருவரும் இல்லை. அப்படியென்றால் இந்த ஊரில் இவ்வளவு எல்லை வழக்கும் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. அந்தியேட்டி வீட்டில் இருந்துகொண்டு அதை யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஊர் புத்தூருக்குக் கிட்ட. ஊர் வாசிகசாலைக்குச் சில காலம் தலைவராக இருந்த வாத்தியார் ஒருவர் காலமானபோது அவருடைய கல்வெட்டையும் நான்தான் எழுதினேன். எழுதிக் கொடுத்து இரண்டு நாள் கழித்துச் சுன்னாகத்து அச்சகத்தில் இருந்து தொலைபேசி வந்தது. ஐந்தாம் பக்கத்தில் நாலு வரி இடம் சும்மா கிடக்கிறது, ஏதாவது போடுங்கோ என்றார்கள். நான் அப்போது சந்தையில் நல்லது பார்த்துப் பொறுக்கி வெங்காயம் தெரிந்துகொண்டிருந்தேன். ஒரு கையில் போன், ஒரு கையில் வெங்காயம். நின்ற நிலையிலேயே சொன்னேன்: 'எமது கிராமத்தின் அறிவுக்கண்ணைத் திறக்கும் பொருட்டு வாசிகசாலையை நிறுவிய பெருமை அன்னாரையே சாரும்.' நாலு வரிக்கு அளவாக இருந்தது.

வாசிகசாலையை யார் நிறுவினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பிறந்தபோதே அது அங்கே இருந்தது. கணக்குப் பார்த்தால் அப்போது வாத்தியார் அரைக் காற்சட்டையோடு திரிந்திருப்பார். வெங்காயம் தெரிகிற நேரத்தில் யார் கணக்குப் பார்ப்பது?

இது நடந்து ஏழெட்டு மாதத்தில், பொழுது போகாமல், யாரும் எழுதலாம் யாரும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்துக்குள் புகுந்தேன். எங்கள் ஊருக்கு அதில் ஒரு கட்டுரை இல்லை. பக்கத்து ஊருக்கு இருந்தது. அதுவே எனக்குப் போதும். காலையில் வீட்டுக்கு மீன் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்தால் மத்தியானம் வரை எழுதுவேன். குளம், கோயில், பள்ளிக்கூடம், புகையிலைத் தோட்டம் எல்லாம் எழுதி, வாசிகசாலைக்கு வந்தேன். 'நிறுவியவர்' என்று போட்டு, அக்காவின் பெயரை எழுதினேன்.

அக்கா எனக்குச் சொந்தம் இல்லை. எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீடு. எழுபதைத் தாண்டிவிட்டது, கலியாணம் கட்டவில்லை, தனியாக இருக்கிறார். இளம் வயதில் இருந்து இன்றுவரை வாசிகசாலையைத் திறந்து பூட்டுகிறவர் அவர்தான். சண்டைக் காலத்தில் ஊரோடு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது சனம் அரிசியையும் சட்டிபானையையும் சைக்கிளில் கட்டியது. அக்கா இரண்டு உரப்பையில் புத்தகங்களையும், வாசிகசாலையின் பதிவுக் கொப்பியையும் கட்டினார். என்ன விசரோ என்று சனம் பார்த்தது. நானும் பார்த்தேன். திரும்பி வந்தபோது அந்த இரண்டு பையும் அந்தக் கொப்பியும் மட்டும்தான் வாசிகசாலையாக இருந்தது, கட்டடத்துக்குக் கூரை இல்லை. இப்படிப்பட்ட ஒருவரை 'நிறுவியவர்' என்று எழுதினால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அந்த வரிக்குப் பக்கத்தில் 'ஆதாரம் தேவை' என்று ஒரு சின்னக் குறி முளைத்திருந்தது. போட்டவர் வேறொரு தொகுப்பாளர். புனைபெயர், ஊர் பருத்தித்துறை என்று மட்டும் தன் பக்கத்தில் எழுதியிருந்தார். கட்டுரைக்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில் நான் பதில் எழுதினேன்: நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், நானே ஆதாரம். அவர் மிகவும் மரியாதையாக, தாங்கள் ஒரு வெளியிடப்பட்ட நூல் அல்ல என்று எழுதியிருந்தார். உண்மைதானே.

பதிவுக் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். அது கையெழுத்து, அச்சில் வந்ததல்ல என்றார். அடுத்த கிழமை கட்டுரையைத் திறந்தால் அக்காவின் பெயர் இல்லை. அந்த இடத்தில் வாத்தியாரின் பெயர் இருந்தது. கீழே ஆதாரம்: என்னுடைய கல்வெட்டு, பக்கம் ஐந்து. பழைய புத்தகங்களை மின்வருடிப் போடும் ஒரு இணைய நூலகத்தில் யாரோ அதையும் போட்டிருக்கிறார்கள். பருத்தித்துறைக்காரர் தேடிப் பிடித்திருக்கிறார். இதில் இன்னொரு விசயம். 'அறிவுக்கண்', 'பெருமை', 'அன்னார்' எல்லாம் நடுநிலையான சொற்கள் அல்ல என்று கவனமாக எடுத்துவிட்டு, 'வாசிகசாலையை நிறுவியவர்' என்பதை மட்டும் வைத்திருந்தார். என்னுடைய பொய்யில் இருந்த அலங்காரத்தை எல்லாம் கழற்றிவிட்டு, பொய்யை மட்டும் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். நான் மாற்றினேன், அவர் திருப்பிப் போட்டார். நான் மாற்றினேன், அவர் திருப்பினார். மூன்று தடவைக்கு மேல் இப்படிச் செய்யக்கூடாது என்று விதி இருக்கிறதாம், அதையும் அவரே எடுத்துக் காட்டினார். பக்கச்சார்பு, உள்நோக்கம், பருத்தித்துறை ஆட்களின் வடமராட்சிக் குசும்பு என்று பேச்சுப் பக்கத்தில் வாயில் வந்ததை எல்லாம் எழுதினேன். அவர் ஒரே ஒரு வரி எழுதினார்: 'எனக்கு உங்கள் ஊரில் ஒருவரையும் தெரியாது, அதனால்தான் என்னால் இதைத் திருத்த முடிகிறது.' அந்தக் கல்வெட்டை எழுதியது யார் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து வாசிகசாலைக்குப் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு பெயர்ப்பலகை பதிக்க வேண்டும், நிறுவுநர் யார் என்று கட்டடக் குழுவில் கேள்வி வந்தது. செயலாளர் கலைக்களஞ்சியத்தைத் திறந்து பார்த்து, பக்கத்தை அச்செடுத்து, கூட்டத்தில் வாசித்தார். எல்லாருக்கும் சந்தோசம். உலகமே பார்க்கிற இடத்தில் இருக்கிறது, பிழையாக இருக்குமா?

இரண்டு நாள் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தார். கனடாவில் இருக்கும் அவருடைய தங்கச்சி கட்டுரையைப் பார்த்துவிட்டுப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அக்கா கையில் போன். கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டார்.

"தம்பி, உதிலை வாத்தியார்தான் நிறுவினவர் எண்டு கிடக்கு. அவர் எப்ப நிறுவினவர்?"

முதலில் உங்கள் பெயரைத்தான் போட்டேன், அதை அழித்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"என்ரை பேரை என்னெண்டு போட்டனி?"

"நிறுவினது எண்டு, அக்கா."

"நான் எங்கை நிறுவினனான்? நான் திறந்தனான். பின்னேரம் நாலு மணிக்குத் திறந்தனான், ஏழு மணிக்குப் பூட்டினனான். அதை ஒருத்தரும் எழுதேல்லையே?"

ஒருத்தரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. வாத்தியாருக்கு ஒரு பொய்யும் அக்காவுக்கு ஒரு பொய்யும் எழுதிய நான், அக்கா செய்ததை ஒரு வரி எழுதவில்லை. அதைத்தான் அவர் கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலு மணி ஆகிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பருத்தித்துறைக்காரருக்கு, நேரில் கதைக்க வேண்டும் என்று எழுதினேன். வாருங்கள் என்றார். பருத்தித்துறை பஸ்ஸில் போகும்போது வழி முழுக்க எப்படி ஏசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் முப்பது வயது மதிக்கக்கூடிய ஒரு பெண்பிள்ளை, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிற வேலை. கன்ரீனில் இருத்தித் தேத்தண்ணி வாங்கித் தந்தது. யோசித்து வைத்த ஏச்சு ஒன்றும் அந்த முகத்துக்குப் பொருந்தவில்லை. ஆட்கள் வந்து தங்களுக்குச் சீனி வருத்தம் இல்லை என்று அடித்துச் சொல்வார்களாம், தான் மெசின் காட்டுவதைத்தான் எழுதிக் கொடுப்பதாம். உங்கள் கட்டுரையிலும் அதைத்தான் செய்தேன் ஐயா என்றது.

"பிள்ளை, அந்தக் கல்வெட்டிலை கிடக்கிறது பொய்."

"எப்பிடி ஐயா தெரியும்?"

"நான்தான் எழுதினனான்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது.

"ஏன் எழுதினனீங்கள்?"

"நாலு வரி இடம் கிடந்தது."

பிள்ளை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாக இருந்திருக்கும். சொன்னதைப் பேச்சுப் பக்கத்தில் உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள், எழுதினால் கல்வெட்டை ஆதாரத்தில் இருந்து எடுத்துவிடுகிறேன் என்றது. வாசல்வரை வந்து, கெதியாக எழுதுங்கோ ஐயா என்றும் சொன்னது.

நான் கெதியாக எழுதவில்லை. இதை இங்கே சாக்குப்போக்கு இல்லாமல் சொல்ல வேண்டும். வாத்தியார் செத்து ஒரு வருசம் முடிகிற ஆட்டைத்திவசத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் ஊரறிய எழுதினால் அந்த வீட்டுப் படியில் எப்படிக் கால் வைப்பது? திவசம் முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. முதல் பந்தியில் இருத்தினார்கள். மூத்த மகன் தன் கையாலே பாயாசம் விட்டு, உங்கள் எழுத்தாலேதான் அப்பா இன்று உலகம் முழுக்கத் தெரிகிறார் என்றார். நான் பாயாசத்தைக் குடித்தேன். வடை கட்டித் தந்தார்கள், அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்கு அடுத்த கிழமைதான் எழுதினேன். என் பெயர், என் தொழில், அச்சகத் தொலைபேசி, வெங்காயம், எல்லாம் எழுதினேன். பிள்ளை சொன்னபடி அன்றைக்கே கல்வெட்டை எடுத்துவிட்டது. மூன்று மணித்தியாலம் வாசிகசாலையை யாரும் நிறுவாமல் இருந்தது. பிறகு வெளிநாட்டில் இருந்து இன்னொரு தொகுப்பாளர் ஒரு படத்தைப் போட்டு, வாத்தியாரின் பெயரைத் திருப்பி எழுதினார். படத்தில் கறுப்புக் கல்லில் பொன் எழுத்து. அந்தக் கிழமை வந்து இறங்கிய புதுப் பெயர்ப்பலகை அது. கல்வெட்டைப் பார்த்துக் கலைக்களஞ்சியம், கலைக்களஞ்சியத்தைப் பார்த்துப் பலகை, இப்போது பலகையைப் பார்த்துக் கலைக்களஞ்சியம். என் பக்கம் ஐந்து இல்லாமலே அது நிற்கப் பழகிவிட்டது.

பிள்ளை எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியது. நான் உங்களை நம்புகிறேன் ஐயா, ஆனால் நான் நம்புவது ஆதாரம் ஆகாது. அக்காவைப் பற்றி எங்காவது ஒரு வரி அச்சில் இருந்தால் அனுப்புங்கள், நானே சேர்க்கிறேன். வீட்டில் இருந்த கல்வெட்டு எல்லாவற்றையும் இறக்கித் தேடினேன். எங்கள் ஊரில் ஒருவர் அச்சில் வருவதற்கு முதலில் சாக வேண்டும். அக்கா உயிரோடு இருக்கிறார்.

திறப்பு விழாவுக்குப் போனேன். வாத்தியார் வீட்டார் என்னோடு கதைக்கவில்லை. கட்டடக் குழுவும் கதைக்கவில்லை. பலகையை மாற்ற முடியாதா என்று செயலாளரிடம் போய்க் கேட்டேன். எழுதினதும் நீங்கள், இல்லை என்கிறதும் நீங்கள், நாங்கள் எதை நம்புவது என்றார். ஞாயமான கேள்வி. நாடா வெட்டினார்கள், நாலு பேர் பேசினார்கள், நாலு பேரும் வாத்தியாரைத்தான் பேசினார்கள். அக்கா பின் வரிசையில் இருந்தார். சனம் சிற்றுண்டிக்குப் போன பிறகு எழும்பி உள்ளே போய், புது மேசையில் பழைய பதிவுக் கொப்பியை வைத்து, அன்றைய திகதியைப் போட்டு, நாலு மணி என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

நான் பின்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அதை விட்டுவிட்டு, பேச்சுப் பக்கத்தில் நான் எழுதியதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"ஓம், வாசிச்சனான்."

சொல்லிவிட்டுப் புத்தகங்களை அலுமாரியில் அடுக்கத் தொடங்கினார். நானும் ஒரு பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே, உங்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் இப்போதே அடிப்போம் அக்கா, நான் எழுதுகிறேன், அச்சில் வந்தால் அந்தப் பிள்ளை சேர்த்துக்கொள்ளும் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அக்கா கையில் இருந்த புத்தகத்தைத் தட்டித் தூசு போக்கி, இடம் பார்த்து வைத்தார்.

"வேண்டாம் தம்பி. இப்பவும் வேண்டாம், நான் செத்தாப் பிறகும் நீ எழுதாதை."

"ஏன் அக்கா?"

"நீ வடிவா எழுதிப்போடுவாய்."