சட்டையாக வெட்டிய கடிதம்

தையலக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அது தெருவுக்கே தெரியும். அவள் தம்பி பேர்போன ஓவியன் என்பதுதான் ஈ காக்கைக்குத் தெரியாது. அவளும் மூச்சு விட்டதில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு படம் வரைந்தான். தையல் மெஷின்மேல் குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு. தோள்பட்டை ஓரம் சட்டை கிழிந்திருக்கும். அந்தப் படம்தான் அவனை எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. பேப்பரில் அதைப் பார்த்த ஒரு வாடிக்கைக்காரி, "அக்கா, அசப்புல உங்க முதுகு மாதிரியே இருக்கு!" என்று சிரிக்க, இவளுக்கு உயிரே போய்விட்டது. ஊருக்கெல்லாம் தைக்கிறவள் கிழிசலோடு உட்கார்ந்திருந்ததைத் தண்டோரா போட்டுவிட்டானே!

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா? இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்று துரத்திவிட்டாள்.

அடுத்த வாரம் அவனிடமிருந்து கடிதம் வந்தது. படம் வரைகிற கெட்டிக் காகிதத்தில், மேசை அகலத்துக்கு. படிப்பாளா அவள்? எழுத்தைக் கவிழ்த்துப் போட்டு, ஆண்கள் சட்டைக்குப் பேட்டர்ன் வெட்டிவிட்டாள். முதுகு, கை, காலர், பாக்கெட். அவற்றைத் துணிமேல் வைத்துக் கோடிழுத்து இதுவரை எத்தனை நூறு சட்டை தைத்திருப்பாள்! ஒரு நாளும் எழுத்துப் பக்கத்தைத் திருப்பியதில்லை. அவ்வளவு வீம்பு.

போன வாரம் மத்தியானம், புத்தகம் போடுகிற ஒருவர், ஓவியரின் பழைய விலாச நோட்டில் இருந்த இந்தக் கடையையும் தேடிப் பிடித்து வந்தார். ஓவியரின் கடிதங்களைத் தொகுக்கிறாராம்.

"உங்களுக்கு எழுதினது ஏதாவது இருந்தா கொடுங்கம்மா. அந்த மனுஷன் வாயைத் திறக்க மாட்டேங்கிறார். அந்த முதுகுப் படத்தைச் சுவத்தைப் பாக்கத் திருப்பி வச்சிருக்கார், ஏழு வருஷமா. கேட்டா, 'இன்னும் பதில் வரலை'ங்கிறார். யார்கிட்டேருந்துன்னு மண்டையே வெடிக்குது."

"நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினாள். என்ன பதில்? அன்றைக்கு மன்னிப்புன்னு ஒரு வார்த்தையாவது எழுதினானா, இல்லையா? அது தெரியாமல் இனி ஊசியில் நூல்கூட ஏறாது போலிருந்தது. காகிதங்களை மேசையில் பரப்பி, முதல் தடவையாகத் திருப்பினாள்.

முதுகுத் துண்டில் இருந்தது: "அக்கா, எல்லாரும் என் பேரைச் சொல்றாங்க. சாப்பிட்டியான்னு கேக்கத்தான் ஆளில்லை."

கைத் துண்டில் இருந்தது: "அப்பா தவறிப்போன வருஷம், இருந்த துணியில எனக்குச் சட்டை தைச்சுட்டு, நீ அந்தக் கிழிசலையே போட்டுக்கிட்டிருந்தே. அதை மறந்துடக் கூடாதுன்னுதான் வரைஞ்சேன். ஆனா உன்னைக் கேக்காம ஊருக்குக் காட்டினது" — அங்கே கத்தரி குறுக்கே போயிருந்தது.

மீதி எங்கே? பைகளைக் கொட்டினாள், மேசைக்கு அடியில் தவழ்ந்தாள். நிமிர்ந்தால், மெஷினுக்கு எதிரே ஆணியில் பாக்கெட் காகிதம்! தினமும் கையில் எடுக்கிற துண்டு.

"பெரிய தப்பு. நீ சரின்னு எழுதுற வரைக்கும் அது யார் கண்ணுலயும் படாது. நீ கூப்பிட்டாத்தான் வருவேன்."

"அடப்பாவி, கையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேனே!" என்று அந்தச் சின்னக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மறுநாள் புத்தகக்காரர் வந்து நின்றார்.

"கடுதாசியெல்லாம் ஒண்ணுமில்லைங்க. சட்டை தைக்கணும்னா சொல்லுங்க."

அவர் முழங்கையை ஊன்றியிருந்தது காலர் காகிதத்தின்மேல். ஏமாற்றத்தோடு, அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று காலையே அவள் தம்பிக்கு எழுதிப் போட்டுவிட்டாள். நாலே வரி.

"படத்தை ஊர் பாக்கத் திருப்பி வை. யாருன்னு கேட்டா மட்டும் வாயைத் திறக்காதே. ஒரு எட்டு வந்துட்டுப் போ. சாப்பிட்டியா?"